காலாங் ஆற்றோரப் பாதை: புறப்படுமுன் போடவேண்டிய திட்டம்

சிங்கப்பூரின் ஆக நீளமான ஆறு காலாங். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, பீஷான், தோ பாயோ, போத்தோங் பாசிர், கேலாங் பாரு வட்டாரங்களைத் தொட்டு, காலாங் முகத்துவாரத்தை அடைகிறது. மொத்தம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ஆற்றின் இரு பக்கமும் 2 கிலோமீட்டருக்குள் சுமார் 800,000 பேர் வசிப்பதாக 2017ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் தெரிவித்தது.

பத்து கிலோமீட்டர்தானே என்று கிளம்பிவிடுவது எளிது. ஆனால் பாதி வழியில் தாத்தாவுக்கு முட்டி வலிக்கும்; பிள்ளைக்குத் தண்ணீர் தீர்ந்துவிடும்; பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும். குழுவில் ஆக மெதுவாக நடப்பவரின் காலை வைத்தே பயணத்தைக் கணக்கிட வேண்டும். இந்தப் பாதைக்கு அதுவே முதல் விதி.

நேரக் கணக்கு

உடல் நலமுள்ள பெரியவர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் நடப்பார். முதியவரும் சிறு பிள்ளையும் சேர்ந்தால் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் முழுப் பாதைக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகும். சைக்கிளில் நிதானமாகச் சென்றால் ஒன்றரை மணி நேரம் போதும்.

காலை 7 மணி வாக்கில்தான் இங்குப் பொழுது விடியும். 7.15க்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதிக்குமேல் கடந்துவிடலாம். மாலையில் செல்வோர் 5 மணிக்குப்பின் தொடங்கி, ஒரு பகுதியை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.

மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்

ஒரே நாளில் முழுப் பாதையையும் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பெருவிரைவு ரயில் நிலையம் எட்டும் தொலைவில் இருக்கும்படி பிரித்துக்கொண்டால், களைத்தவர்கள் வீடு திரும்பலாம், மற்றவர்கள் தொடரலாம்.

முதல் பகுதி பீஷான்-அங் மோ கியோ பூங்கா. பரப்பளவு 62 ஹெக்டர். ஒரு காலத்தில் இங்கு ஆறு 2.7 கிலோமீட்டர் நீளச் சிமென்டுக் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் இயற்கை ஆறாக மாற்றினார்கள். 2012ல் பூங்கா புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. கரையெல்லாம் புல்லும் கல்லும். நீர்நாய்களையும் கொக்குகளையும் பார்த்தவர்கள் பலர். சிறு பிள்ளைகளோடு வருவோருக்கு இந்த ஒரு பகுதியே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். பீஷான், அங் மோ கியோ நிலையங்கள் இரண்டிலிருந்தும் வரலாம். ஜோகூரிலிருந்து வருவோர் உட்லண்ட்சில் வடக்கு-தெற்கு ரயில் பாதையில் ஏறினால், மாறாமல் நேராக இந்த இரு நிலையங்களுக்கும் வந்து சேரலாம்.

இரண்டாம் பகுதி பீஷானிலிருந்து போத்தோங் பாசிர் வரை. இங்கு ஆறு மீண்டும் கால்வாயாகிறது. வீவக அடுக்குமாடிகளின் ஓரமாகப் பாதை செல்கிறது. போத்தோங் பாசிர் என்றால் மலாயில் மணல் வெட்டுதல் என்று பொருள். மணல் எடுத்த இந்தத் தாழ்ந்த நிலம் பிறகு காய்கறித் தோட்டங்களாக இருந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த இடமும்கூட. இன்று போத்தோங் பாசிர் அவென்யூ 2ல் ஸ்ரீ சிவதுர்கா ஆலயம் இருக்கிறது. காலையில் சற்று விலகிச் சென்று கும்பிட்டு வரலாம். நண்பகலில் கோயில்கள் நடை சாத்துவது வழக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் பகுதி போத்தோங் பாசிரிலிருந்து காலாங் ஆற்றோரப் பூங்கா வரை. வழியில் கோலம் ஆயர் வட்டாரம் வரும். மலாயில் ஆயர் என்றால் நீர். கோலம் என்பது நம் ‘குளம்’ மலாய்க்குப் போன சொல். பசித்தால் கேலாங் பாரு உணவங்காடி நிலையம் பக்கத்திலேயே உண்டு. பாதை முடியும் இடத்திலிருந்து காலாங் ரயில் நிலையமும், காலாங் சாலையிலுள்ள ஸ்ரீ மன்மத காருணீஸ்வரர் ஆலயமும் நடந்து செல்லும் தொலைவுதான். தெம்பு மிச்சமிருக்கும் சைக்கிளோட்டிகள் தஞ்சோங் ரூ வழியாக மரினா அணைக்கட்டு வரை போகலாம்.

பாதை அறுபடும் இடங்கள்

வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும் பாதை, தரையில் அப்படி இல்லை. பிரேடல் சாலை, சிராங்கூன் சாலையும் தீவு விரைவுச்சாலையும் வரும் இடம், காலாங் பாரு, சிம்ஸ் அவென்யூ ஆகியவை ஆற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. இவற்றைத் தடையின்றிக் கடக்கப் பாலங்கள், சுரங்கப்பாதைகள் அமைக்கும் யோசனைகளை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017ல் முன்வைத்தது. கட்டுமானம் நடக்கும் இடத்தில் மாற்றுவழிப் பலகையைப் பின்பற்ற வேண்டும், தடுப்புவேலியைத் தாண்டக்கூடாது. சக்கர நாற்காலியோ பிள்ளைத் தள்ளுவண்டியோ கொண்டு செல்வோர், படிக்கட்டு இல்லாத வழியை முதல் நாளே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மழை வந்தால்

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பீஷான் பூங்காவில் ஆறு சாதாரண நாளில் கணுக்கால் அளவு ஓடையாகத் தோன்றும். பிள்ளைகள் இறங்கி விளையாடத் தோன்றும். ஆனால் பெருமழையில் இரு கரைப் புல்வெளியும் ஆற்றின் வழியாகிவிடும். நீர் ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்குப் பரவும்படியே இது வடிவமைக்கப்பட்டுள்ளது. மேற்பகுதியில் பெய்யும் மழை, இங்குத் தூறல்கூட இல்லாதபோதே நீரை உயர்த்தக்கூடும்.

அதனால்தான் பூங்காவில் நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவிகள், அபாயச் சங்கு, எச்சரிக்கை விளக்கு, சிவப்பு அடையாளங்கள் வைக்கப்பட்டுள்ளன. சங்கு ஒலித்தால் செருப்பை எடுக்கக்கூட நிற்கக்கூடாது; உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். வானம் கறுத்தாலே பிள்ளைகளைக் கரையேற்றிவிடுவது நல்லது.

இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. ஆற்றோரத்தில் வீவக கீழ்த்தளங்கள் பல இடங்களில் அருகிலேயே உள்ளன. புறப்படுமுன் ‘மை என்வி’ செயலியில் மழை நிலவரத்தைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் புயற்காற்று திடீரென வரக்கூடும்.

சைக்கிளோட்டிகள் அறிய வேண்டியவை

பூங்கா இணைப்புப் பாதையிலும் சைக்கிள் பாதையிலும் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர்; நடைபாதையில் 10 கிலோமீட்டர். வரம்பு 25 என்பதற்காக அந்த வேகத்திலேயே போக வேண்டும் என்பதில்லை. அதிகாலையில் இந்தப் பாதையில் நடப்பவர்களில் முதியோர் அதிகம். பின்னால் மணி அடித்ததும் அவர்களால் சட்டென்று விலக முடியாது. தொலைவிலேயே மெல்ல ஒலித்து, வேகத்தைக் குறைத்து, இடம் விட்டு முந்த வேண்டும்.

2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டி நடப்போருக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம்; பாதையிலும் அணிவது நல்லது. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, பார்த்து, பிறகே செல்ல வேண்டும்.

மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்கும் சைக்கிளை ரயிலில் கொண்டு செல்லலாம். சொந்த சைக்கிள் இல்லாதவர்கள் பகிர்வு சைக்கிளை எடுக்கலாம். திருப்பி விடும்போது உரிய இடத்தில் நிறுத்தி, அங்குள்ள கியூஆர் குறியீட்டை வருட வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, மழைச்சட்டை, ஒட்டுக்கட்டு, முதியவரின் வழக்கமான மருந்து, மின்னேற்றிய கைப்பேசி. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும். காலை உணவைத் தவிர்த்துவிட்டு நடக்கக்கூடாது. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 995.

பன்றி, வாத்துப் பண்ணைக் கழிவுகளாலும் குப்பையாலும் நாறிக்கிடந்த ஆறு இது. 1977ல் தொடங்கி 1987 வரை பத்தாண்டுகள் உழைத்துச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் முகத்துவாரத்தையும் சுத்தப்படுத்தினார்கள். 2008ல் மரினா அணைக்கட்டு வந்தபின், காலாங்கில் ஓடும் நீர் குடிநீர்த் தேக்கத்தில் சேர்கிறது. கரையில் விட்டுவரும் நெகிழிப் பை கடைசியில் அங்குதான் போய்ச் சேரும். கொண்டு சென்ற குப்பையை அதே பையில் திருப்பிக் கொண்டுவருவதும் பயணத் திட்டத்தில் அடக்கம்.