ஐந்து புள்ளிகள்: கேத்திரகணித வினா ஒன்றின் வரலாறு

கேத்திரகணிதம் என்றவுடன் யூக்கிளிட்டுவின் பெயரே மாணவர் நினைவில் முதலில் எழும். ஏறத்தாழ இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அவர் வகுத்த பதின்மூன்று பாகங்களோடு அத்துறையில் அறியவேண்டியன யாவும் அறியப்பட்டுவிட்டன என்னும் எண்ணம் வகுப்பறைகளிற் பரவலாக உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது. 1970களில் அத்துறையின் அடிமரத்திலிருந்து புதிய கிளையொன்று தோன்றிற்று. 1978 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷேமொஸ் என்பார் அளித்த ஆய்வேட்டின் தலைப்பே அக்கிளைக்குப் பெயராக நிலைத்தது. அது கணினிக் கேத்திரகணிதம். பல்லாயிரம் புள்ளிகள் தரப்பட்டால் அவற்றின் அமைப்பை எந்நெறிமுறையால், எத்தனை படிகளிற் கண்டறியலாம் என்பதே அதன் பொது வினா.

இக்கிளையின் ஆராய்ச்சியாளர் இன்றும் போராடிவரும் வினாக்களுள் ஒன்று கணினிக்கே மூத்தது. அது பேராசிரியர் எவரும் விடுத்த வினாவன்று. பல்கலைக்கழக வாயில் தம் இனத்தவர்க்குப் பாதிக்கு மேல் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், பூங்காவொன்றிற் கூடிப் பேசிய இளைஞரிடையே பிறந்தது.

ஹங்கேரி நாட்டின் கியோர் நகரில் 1894 ஆம் ஆண்டு டானியேல் அரனி என்னும் பள்ளி ஆசிரியர் கணித இதழொன்றைத் தொடங்கினார். உயர்தரப் பாடசாலை மாணவர்க்கென மாதந்தோறும் வினாக்கள் வெளியாகும். மாணவர் விடையெழுதி அனுப்புவர். சிறந்த விடைகள் எழுதியவர் பெயரோடு அச்சேறும். ஆண்டிறுதியில் மிகுதியாக விடை கண்டோரின் உருவப்படங்களும் இதழை அணிசெய்யும். முதலாவது உலகப்போரால் இடையில் நின்ற அவ்விதழ் 1925 இல் மீண்டும் உயிர்பெற்றது. வெவ்வேறு ஊர்களிலும் பாடசாலைகளிலும் இருந்த மாணவர் ஒருவரையொருவர் நேரிற் காணுமுன்பே படத்தாலும் பெயராலும் அறிந்துகொண்டனர். ஒரு நாட்டின் கணித வளர்ச்சியைப் பள்ளி இதழொன்று இத்துணை தூரம் உருவாக்கியதற்கு வேறு எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

இவ்வாறு அறிமுகமானோர் சிலர் 1930களின் தொடக்கத்திற் புடாபெஸ்ற் நகரில் ஒன்றுகூடினர். போல் ஏர்டோஷ், போல் துரான், திபோர் கல்லாய், ஜோர்ஜ் செக்கெரெஷ், எஸ்தர் கிளைன் முதலியோர் அக்குழுவினர். பெரும்பாலும் யூதர். உயர்கல்விக்கு வருவோரில் யூதர் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேற்படலாகாது என 1920 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிய நாடு அது. கற்றுத் தேறினும் தொழில் கிடைப்பது அருமை. நகரப் பூங்காவில் முக்காடிட்டு முகம் மறைத்த உருவச்சிலையொன்று உண்டு. வரலாற்று நூலொன்றை எழுதித் தன் பெயரைச் சொல்லாது மறைந்த ஆசிரியனைக் குறிப்பது அது. அச்சிலையின் அருகில் அமர்ந்தே இவ்விளைஞர் கணிதம் பேசினர். பெயரற்றவன் என்னும் பொருள்பட அச்சிலைக்கு வழங்கிய 'அனோனிமஸ்' என்ற பெயரே குழுவின் பெயருமாயிற்று.

1932-33 மாரிக்காலத்தில், யேர்மனியின் கேத்திங்கன் நகரிற் சிலகாலம் கற்று மீண்ட எஸ்தர் கிளைன் தோழர் முன் ஒரு வினாவை வைத்தார். எம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையாதவாறு தளமொன்றில் ஐந்து புள்ளிகள் குறிக்கப்பட்டால், அவற்றுள் நான்கு எப்பொழுதும் குவிவு நாற்பக்கலொன்றை ஆக்கும் என நிறுவுக. குவிவு என்பது எந்த மூலையும் உள்நோக்கி மடியாமை; அம்புமுனை போன்ற நாற்பக்கல் குவிவாகாது.

அவர் கண்ட நிறுவலைச் சிறுவரும் பின்பற்றலாம். புள்ளிகளைப் பலகையில் அறைந்த ஆணிகளாகக் கொண்டு, அனைத்தையும் உள்ளடக்குமாறு ஒரு நூலை இறுகச் சுற்றுக. நூல் ஐந்து ஆணிகளையும் தொடுமாயின் அவற்றுள் எந்த நான்கும் போதும். நான்கைத் தொடுமாயின் அந்நான்குமே விடை. மூன்றை மட்டும் தொடுமாயின் எஞ்சிய இரண்டும் முக்கோணத்தினுள்ளே கிடக்கும். அவ்விரண்டையும் இணைத்து இருபுறமும் நீட்டினால், முக்கோணத்தின் உச்சிகளில் இரண்டு அக்கோட்டின் ஒரே பக்கத்தில் அமைந்தே தீரும். அவ்வுச்சிகள் இரண்டும் உட்புள்ளிகள் இரண்டும் குவிவு நாற்பக்கலாகும்.

கிளைன் அங்கே நிற்கவில்லை. குவிவு ஐங்கோணி வேண்டுமாயின் எத்தனை புள்ளிகள் வேண்டும்? அறுகோணிக்கு எத்தனை? எத்தனை பக்கமுள்ள பல்கோணியைக் கேட்பினும் அதனைத் தவிர்க்கவியலாத புள்ளித்தொகை ஒன்று உண்டா? இவ்வினாவில் மூழ்கியவர் செக்கெரெஷ். அவர் இரசாயனப் பொறியியல் கற்றவர். கணிதத்திற் பட்டமெதுவும் என்றும் பெற்றிலர். சில வாரங்களில் அத்தகைய தொகை உண்டென நிறுவினார். அதற்கு அவர் தாமே அமைத்துக்கொண்ட தேற்றத்தை, 1930 இல் தம் இருபத்தாறாவது வயதில் மறைந்த இங்கிலாந்து அறிஞர் பிராங்க் ராம்சி முன்னரே வெளியிட்டிருந்தார் என்பது செக்கெரெஷுக்குத் தெரியாது. ஏர்டோஷ் பிறிதொரு வழியில் மிகச் சிறிய மேலெல்லை கண்டார். இரண்டும் சேர்ந்து 1935 இல் இருவர் பெயராலும் கட்டுரையாக வெளிவந்தன. அதன்படி ஐங்கோணிக்கு 21 புள்ளிகளும் அறுகோணிக்கு 71 புள்ளிகளும் போதும். உண்மையான விடைகள் இவற்றினும் மிகச் சிறியன என அவர்கள் ஐயுற்றனர். நாற்பக்கலுக்கு 5, ஐங்கோணிக்கு 9 எனக் குழுவின் நண்பர் மக்காய் நிறுவினார். இவற்றிலிருந்து அறுகோணிக்கு 17, எழுகோணிக்கு 33 என விரியும் ஊகம் பிறந்தது. ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கழித்து எஞ்சியதை இரட்டித்து மீண்டும் ஒன்றைக் கூட்டுவதே அவ்விதி.

1937 இல் கிளைனும் செக்கெரெஷும் மணந்துகொண்டனர். அதனால் ஏர்டோஷ் இதற்கு 'இன்பமுடிவு வினா' எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்றும் நூல்களில் வழங்குகின்றது. ஆயினும் குழுவினர் வாழ்வை நோக்குவோர் அப்பெயரில் ஒரு கைப்பையும் உணர்வர். ஏர்டோஷ் 1934 இலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவருடைய உறவினர் பலர் போரிற் கொல்லப்பட்டனர். இவ்விளைஞர்க்குக் கோட்டுரு இயல் கற்பித்த பேராசிரியர் டேனெஷ் கேனிக் 1944 ஒக்டோபரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

துரான் கட்டாய உழைப்பில் தள்ளப்பட்டார். 1944 இல் புடாபெஸ்ற் அருகேயுள்ள செங்கற் சூளையொன்றில் அவருக்கு வேலை. ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு சேமிப்பிடத்துக்கும் தண்டவாளம் இருந்தது. செங்கல் ஏற்றிய சிறு வண்டியைத் தள்ளுவது கடினமன்று; பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலேதான் வண்டி துள்ளும், கற்கள் விழும், நேரம் போகும். வெட்டுமிடங்கள் மிகக் குறைவாக இருக்குமாறு இப்பாதைகளை அமைப்பது எங்ஙனம் என அவ்விடத்திலேயே துரான் எண்ணினார். மூன்று சூளைக்கும் மூன்று சேமிப்பிடத்துக்கும் ஒரு வெட்டுப்புள்ளியாயினும் தவிர்க்கவியலாது. பொதுவிடையைக் கண்டதாகப் போலந்து அறிஞர் சாரன்கியேவிச் 1950களில் வெளியிட்டார். அவர் நிறுவலில் ஓட்டையுண்டென்பது 1960களின் நடுப்பகுதியில் வெளிப்பட்டது. அவர் தந்த சூத்திரம் சரியா என்பது இன்றும் முடிவாகவில்லை. அடிமை வேலையின் நடுவே பிறந்த வினா இன்றைய ஆராய்ச்சிப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கின்றது.

செக்கெரெஷ் தம்பதியர் ஷங்காய்க்குத் தப்பினர். தோற்பதனிடும் தொழிலின் இரசாயன அறிவே அங்கு அவர்க்குச் சோறிட்டது. 1948 இல் அடிலெயிட் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக அழைத்தது. பட்டமில்லாத ஒருவரை அழைக்க அப்பல்கலைக்கழகத்தார் துணிந்தமை பாராட்டத்தக்கது. அங்கே குழுவின் பழைய தோழியான மார்த்தா ஸ்வேட் குடும்பத்தாருடன் மூன்றாண்டுகள் ஒரே வீட்டிற் குடியிருந்தனர். பின்னர் சிட்னி சென்றனர். ஏர்டோஷும் செக்கெரெஷும் தம் பழைய வினாவுக்கு 1960 அளவில் மீண்டு, ஊகம் கூறும் தொகையினும் ஒரு புள்ளி குறைந்தால் பல்கோணியைத் தவிர்க்கலாம் என்பதை அமைத்துக் காட்டினர். ஆகவே அறுகோணிக்கு 16 புள்ளிகள் போதா. பதினேழு போதுமா என்பதே எஞ்சிய வினா.

இவ்விடத்திலேதான் கணினி வருகின்றது. ஆணிகளைச் சுற்றிய நூலைக் கணினிக்கு எவ்வாறு கற்பிப்பது? 1972 இல் ரொனால்ட் கிரஹாம் அதற்கு விரைவான நெறிமுறையொன்று தந்தார். ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு ஏனையவற்றைக் கோணத்தின் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு மூன்று புள்ளிகளிலும் இடப்புறம் திரும்புகின்றோமா வலப்புறம் திரும்புகின்றோமா என மட்டும் பார்த்து, தவறான பக்கம் திரும்பும் புள்ளியை நீக்கிச் செல்வதே அந்நெறி. இதே கிரஹாம், தம் மனைவி பான் சுங்குடன் சேர்ந்து 1998 இல் 1935 ஆம் ஆண்டின் மேலெல்லையைக் குறைத்தார். எவ்வளவு? ஒன்று. அறுபத்து மூன்று ஆண்டுகளில் 71 எழுபதாயிற்று! நகைக்கத் தோன்றும், ஆனால் அந்தப் பூட்டை முதன்முதல் அசைத்தவர் அவர்களே.

திரும்புதல் பற்றிய அச்சிறு சோதனையே முழு வினாவுக்கும் திறவுகோலாயிற்று. மூன்று புள்ளிகளை வரிசையிற் படித்தால் அவை வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ அமையும். பல்கோணி குவிவா, அதனுள்ளே புள்ளியுண்டா என்பன யாவும் இச்சுழிகளிலிருந்தே அறியப்படும். தூரமும் கோணமும் வேண்டா. பதினேழு புள்ளிகளில் 680 மூன்றன் கூட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்றாதலால் மொத்த அமைப்புக்கள் எண்ணற்கரியன. முரண்பாடு தோன்றிய கிளையை உடனே வெட்டியெறியும் தேடல் முறையால் செக்கெரெஷும் லின்சே பீற்றர்சும் அவற்றையெல்லாம் கணினியின் துணையோடு ஆராய்ந்தனர். அறுகோணிக்கு 17 புள்ளிகள் போதும் என்பது உறுதியாயிற்று. கட்டுரை 2006 இல் அச்சேறியது. செக்கெரெஷ் அதனைக் காண இருக்கவில்லை. அவரும் எஸ்தரும் 2005 ஓகஸ்ற் 28 ஆம் நாள் அடிலெயிட்டில் ஒரு மணி நேர இடைவெளிக்குள் உயிர்நீத்தனர்.

ஏர்டோஷ் 1978 அளவில் வினாவை மேலும் இறுக்கியிருந்தார்: பல்கோணியினுள்ளே வேறு புள்ளி இருத்தலாகாது. வெற்று ஐங்கோணிக்கு 10 புள்ளிகள் என ஹார்போர்த் அவ்வாண்டிலேயே நிறுவினார். வெற்று எழுகோணியோ எத்தனை புள்ளிகள் குவிப்பினும் தவிர்க்கப்படலாம் என்பதை 1983 இல் ஹோர்ட்டன் காட்டிக் கேட்டோரை வியக்கவைத்தார். இடையில் நின்றது அறுகோணி. அது தவிர்க்கவியலாதது என ஜெர்க்கனும் நிக்கொலாசும் தனித்தனியே நிறுவினர். ஜெர்க்கன் தந்த எல்லை 1,717 புள்ளிகள். மறுபுறத்தில் நெதர்லாந்தின் ஓவர்மார்ஸ் 2003 இல் வெற்று அறுகோணி இல்லாத 29 புள்ளிகளைக் கணினியாற் கண்டெடுத்திருந்தார். முப்பதாவது புள்ளியோடு தப்புவழி அடைபடுகின்றது என 2024 இல் மரைன் ஹோய்லேயும் மன்பிரெட் ஷோய்ஹரும் அறிவித்தனர். முப்பது புள்ளிகளின் 4,060 சுழிகளையும் 'ஆம்', 'அன்று' என்னும் கூற்றுக்களாக்கி, வெற்று அறுகோணி இல்லை எனும் நிபந்தனையையும் சேர்த்து, அனைத்தும் ஒருங்கே மெய்யாதல் இயலாதெனக் கணினியால் நிறுவினர். ஒரு கணிப்பான் தனித்து உழைத்தால் ஏறத்தாழ 17,300 மணி நேரம், அஃதாவது இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம், செல்லும் வேலை அது.

இது நிறுவலாகுமா? எவரும் முற்றப் படிக்கமுடியாத ஒன்றை நிறுவலென ஏற்கத் தயங்குவோர் உளர். அத்தயக்கத்தில் ஒரு பகுதி நியாயமானது. மற்றப் பகுதி பழக்கத்தின் பாற்பட்டது. கணினி பிழைவிட்டிருக்குமோ என்னும் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. கேத்திரகணித வினாவைக் கூற்றுக்களாக மாற்றிய படிகள் யாவும் அவ்வாண்டிலேயே லீன் எனப்படும் நிறுவல் சரிபார்க்கும் ஒழுங்கில் ஒவ்வொன்றாக உறுதிசெய்யப்பட்டன. நியாயமான குறை வேறு. எஸ்தர் கிளைனின் நிறுவலைக் கேட்டவர் ஐந்து புள்ளிகள் ஏன் போதும் என்பதை அறிவர். முப்பது ஏன் என்பதை இன்றுவரை எவரும் அறியார். முப்பது என்பதை மட்டும் அறிவர்.

முதல் வினாவோ இன்னும் திறந்தே கிடக்கின்றது. பக்கமொன்று கூடுந்தோறும் பழைய மேலெல்லை நான்கு மடங்கை அணுகி வளர, ஊகமோ ஏறத்தாழ இருமடங்கே வளர்கின்றது. 2016 இல் அன்ட்ரூ சூக், பக்கங்கள் பெருகப் பெருக இருமடங்கு வளர்ச்சியே சரியானதாகும் என நிறுவினார். இது கணினியின்றிப் பேனையால் எழுதிய நிறுவல். எனினும் துல்லியமான தொகையை அது தரவில்லை. எழுகோணிக்கு 33 புள்ளிகள் போதுமா என்பதை ஒருவரும் நிறுவினாரல்லர். அப்புள்ளிகளில் மூன்றன் கூட்டங்கள் 5,456. பதினேழு புள்ளிகளை வென்ற தேடல்கள் இன்னும் அதனை எட்டவில்லை.