செத்த காலேஜில் ஒரு பாடவேளை

பழைய சென்னைவாசிகளுக்கு இரண்டு காலேஜ் தெரியும். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சிசாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். அந்தக் காலத்தில் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் கிளம்பும் குடும்பங்கள் இரண்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பும்.

காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்றுக்கொடுத்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இடம் ஒதுக்கினார்கள். மதராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 பாறை, கனிம மாதிரிகள்தான் முதல் சரக்கு. பொறுப்பாளர் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், ராணுவ மருத்துவர். 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. கூட்டத்தை இழுக்க, 1855-இல் பால்ஃபர் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். அந்த மிருகக்காட்சிசாலை பின்னாளில் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985-இல் வண்டலூருக்கும் போனது.

காலேஜ் என்ற பெயர் இருந்ததே தவிர, வந்தவர்களுக்குப் பாடம் ஏதும் இல்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார், அடுத்த பெட்டிக்கு நகர், அவ்வளவுதான்.

ஆனால் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் வகுப்பும் எடுத்தார். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மானுடவியல் செய்முறை சொல்லிக்கொடுத்தார். ஆளை அளந்து அடையாளம் காணும் முறையைப் போலீஸாருக்குப் பழக்கினார். அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் தலையும் மூக்கும்கூட அவருடைய அளவுகோலுக்குத் தப்பவில்லை. அந்த அளவுகள் பலவும் 1909-இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளில் இடம்பெற்றன. வேடிக்கை பார்க்க வந்தவரே காட்சிப் பொருளாகிப் போன காலம் அது.

மேல்நிலை வகுப்பு மாணவர்களை ஒரு நாள் முழுக்க அருங்காட்சியகத்தில் உட்காரவைத்து வரலாறு படிக்கச் சொன்னால், தர்ஸ்டனின் பக்கங்களையே முதல் பாடமாக வைக்கலாம். அளந்தவர் யார்? அளக்கப்பட்டவரிடம் சம்மதம் கேட்டாரா? மூக்கின் அகலத்திலிருந்து ஒரு சமூகத்தின் குணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்? பத்து வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்க முடியாது. பதினேழு வயதில் கேட்கலாம், வாக்குவாதமே நடக்கும்.

அடுத்த பாடவேளைக்கு ஒரு கல் போதும்.

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைக் குழி ஒன்றில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கருவி அது. இந்தியாவுக்குப் பழைய கற்காலம் ஒன்று உண்டு என்பதற்கான சான்று அன்று கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டெடுத்தார்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த பெருந்தொகுப்பு 1904-இல் எழும்பூருக்கு வந்து சேர்ந்தது.

அசல் கருவியைக் கையில் கொடுக்கப் பொதுவாக யோசிப்பார்கள். அச்சில் வார்த்த கைக்கோடரிப் பிரதியே போதும். கைக்கோடரி உள்ளங்கையில் அடங்குகிற கனமான பொருள்: அடி பருத்து, நுனி கூராகி, நீர்த்துளி போல இருக்கும். இரண்டு முகத்திலும் சில்லு பெயர்ந்த பள்ளங்கள் தெரியும். தாளில் வைத்து ஓரத்தை வரைந்து, பள்ளங்களை எண்ணிக்கொண்டே வந்தால், கடைசியாக விழுந்த அடி எது என்பதுகூடப் புலப்படும். பிறகு கேள்விகள். இடது கைக்காரர் பிடித்தால் எப்படி இருக்கும்? இதே குவார்ட்சைட் கல்லைத் தேர்ந்தெடுத்தது ஏன்? வெட்டவா, தோண்டவா, தோலை உரிக்கவா? விடையைச் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும் கல்லில் ஓர் அடையாளத்தைக் காட்டியாக வேண்டும்.

வயது என்ன என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். ஃபூட்டால் ஆண்டுக் கணக்கைச் சொல்ல முடியவில்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குழுவினரும் அகழ்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு, அங்குள்ள பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றது. மண் படிந்த காலத்துக் காந்தத் திசையையும், விண்கதிர் பட்டுக் கல்லில் உருவான அணுக்களையும் வைத்துப் போட்ட கணக்கு அது. வரலாற்று வகுப்பு இந்த இடத்தில் இயற்பியல் வகுப்பாக மாறிவிடும். பிளஸ் டூ அறிவியல் மாணவர்கள் அதுவரை பின்வரிசையில் இருந்தாலும் இப்போது முன்னால் வந்துவிடுவார்கள்.

மாலையில் தாம்பரம் பக்கம் போகிறவர்கள் எழும்பூரில் புறநகர் ரயில் ஏறுவார்கள். திரிசூலம் தாண்டியதும் பல்லாவரம் ஸ்டேஷன் வரும்.