திருவிதாங்கூர் உணவும் குன்னூர் எலிகளும்

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் ஒன்று ஒற்றசேகரமங்கலம். தமிழும் மலையாளமும் அண்டை வீட்டாராய் வாழும் பகுதி அது. தமிழர் மரச்சீனி என்று சொல்லும் கிழங்கை மலையாளிகள் கப்பை என்பர். ஆனால் எலிக்கு இரு மொழியிலும் எலி என்றே பெயர். பத்தாயத்து நெல்லையும் தோட்டத்து மரச்சீனியையும் கொறிப்பதில் அது மொழி வேற்றுமை பாராட்டுவதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எலிகளுக்கு அந்த எல்லையும் ஒரு பொருட்டன்று.

அழையாத இவ்விருந்தாளி தானியத்தைத் தின்பதோடு நின்றிருந்தால் நாம் பொறி வைப்பதோடு நின்றிருப்போம். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றி, பின்னர் நாடெங்கும் பரவி, இலட்சக்கணக்கானோரை மாய்த்தது. எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைச் சுமந்து வருகிறது என்பதை 1898இல் கராச்சியில் ஆராய்ந்து காட்டினார் சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். இன்று நம்மை அச்சுறுத்துவது எலிக்காய்ச்சல். கேரளத்தார் இதனை எலிப்பனி என்பர். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலுடன் நடப்போரின் தோற்புண் வழியே இந்நோய்க் கிருமி உடம்பினுள் புகுகிறது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் கேரளத்தில் இது பரவியபொழுது, சேற்றில் இறங்கிப் பணி புரிந்தோருக்கு டாக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்பட்டது.

இவ்வளவு தீங்கு செய்யும் பிராணிக்கு மனித குலம் கடன்பட்டிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். 1940ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ஸ்போர்டில் எட்டுச் சுண்டெலிகளுக்கு நோய்க் கிருமி செலுத்தப்பட்டது. அவற்றுள் நான்கிற்குப் பெனிசிலின் அளித்தனர். மருந்து பெறாத நான்கும் விடிவதற்குள் மாண்டன, பெற்றவை பிழைத்திருந்தன. அந்த ஓர் இரவு வைத்திய வரலாற்றையே மாற்றியது. இதை உலகம் அறியும். ஆனால் நம் வீட்டுச் சோற்றையே எலிகளுக்கு இட்டுப் பார்த்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. அதை நம்மவர் பலர் அறியார்.

நீலகிரியிலுள்ள குன்னூரில், 1918ஆம் ஆண்டு, ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வறையே வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாகிப் பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்திய மக்கள் ஒரே நாட்டினராயினும் உடற்கட்டில் வேறுபடுவானேன் என்பது அவர் எழுப்பிய வினா. ஒத்த வயதுடைய வெள்ளெலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு பகுதியினரின் உணவை அளித்தார். சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி என்னும் சீக்கியர் உணவை உண்டவை யாவற்றினும் நன்கு வளர்ந்தன. அடுத்து முறையே பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவை உண்டவை நின்றன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாய், பாலும் காய்கறியும் அருகிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன.

இச்சோதனையின் உட்பொருளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எலிகளுள் சீக்கியரும் இல்லை, தமிழரும் இல்லை. அவை ஒரே இனத்தின் குட்டிகள். வேறுபட்டது தட்டு ஒன்றே. தென்னாட்டார் இயல்பிலேயே வலிமை குன்றியவர் என்னும் பேச்சை வெளி மாநிலங்களில் வாழும் நாம் எப்போதேனும் கேட்டிருப்போம். அதற்கு விடை குன்னூர்க் கூண்டுகளில் கிடைத்தது. குறை பிறப்பில் இல்லை, உணவில் இருந்தது, அவ்வுணவைத் தந்த வறுமையில் இருந்தது.

அடுத்த சோதனை நம் எல்லைப் பகுதியைத் தொடுகிறது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற குழுக்களில் இருந்தவர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர். அவர் தென் திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொண்டாற்றினார். வயிற்றுப்புண்ணால் வருந்தி அங்கு வந்த ஏழைகள் மிகப் பலர். அவர்களின் முதன்மை உணவு மரச்சீனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா ஆதரித்துப் பரப்பிய அக்கிழங்கு, பஞ்சம் தீர்க்கும் தோழனாய் இருந்தது. குன்னூரில் அந்த ஏழை உணவை எலிகளுக்கு அளித்தபொழுது, அவற்றுள் கால் பங்கிற்கும் மேற்பட்டவை வயிற்றுப்புண் கண்டன. சீக்கியர் உணவை உண்டவற்றில் அந்நோய் காணப்படவில்லை.

எனினும் எலி சொல்வதே முழு உண்மை என்று கொள்ளலாகாது. 1980களில் ஆஸ்திரேலிய மருத்துவர் மார்ஷலும் வாரனும், வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று நிறுவினர்; 2005இல் நோபல் பரிசு பெற்றனர். மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்திச் சோதித்தார். ஆகவே மரச்சீனி ஒன்றையே குற்றவாளியாக்குதல் முறையன்று. மீனும் பயறும் கீரையும் உடன் சேருமாயின் அது நல்ல உணவே. துணையின்றித் தனியே உண்ண நேர்ந்த வறுமையே நாம் வருந்தத் தக்கது.

நாவின் பழக்கம் எளிதில் மாறுவதன்று. டில்லியிலோ பம்பாயிலோ குடியேறிய பின்னும் நாம் ஊர் அரிசியைத் தேடி அலைகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அண்டை வீட்டார் உண்ணும் முளைப்பயற்றையும் தயிரையும் பச்சைக் காய்களையும் நம் இலையில் சேர்ப்பதால் நம் தமிழ் குறைந்துவிடாது. குழந்தைகளின் உடம்பு வளரும்.

இன்றிரவு அடுக்களையில் சலசலப்புக் கேட்டால் பொறியை வையுங்கள், தானியத்தை மூடி வையுங்கள், குப்பையை அகற்றுங்கள். அக்கடமையில் தளர வேண்டாம். ஆயினும் நம் ஏழைகளின் சோற்றை உண்டு, அவர்கள் நோயையும் தாங்கி, உண்மையைக் காட்டிச் சென்ற குன்னூர் எலிகளை ஒரு கணம் நன்றியுடன் நினைப்போமாக.