ஆதிரையிட்ட பிச்சை

பூம்புகார் என்றவுடன் கண்ணகியின் சிலம்பும் மணிமேகலையின் அமுதசுரபியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பாத்திரத்தில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லறத்தாள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. அவள் இட்ட பின்னரே அது ஊராருக்கெல்லாம் சுரந்தது.

இதே தஞ்சைத் தரணியில் ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886-இல் பிறந்தவர் சுப்பலட்சுமி. சிறுமியாய் இருக்கும்போதே மணமும், அடுத்துக் கைம்மையும் வந்தன. தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் முடக்காமல் படிக்க வைத்தார். எழும்பூர் பிரசன்டேஷன் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்று, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இந்துவாகவே வாழ்ந்த அவரைப் பிற்காலத்தில் நாடே 'சிஸ்டர்' என்றழைத்தது. கன்னியரிடம் பயின்றவருக்கு அப்பெயர் அமைந்ததில் நமக்குச் சற்றுப் பெருமைதான்.

1912-இல் அவர் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் கூடினர், சொற்பொழிவு கேட்டனர், விவாதித்தனர், இளங்கைம்பெண்கள் தங்கிப் படிக்கும் இல்லத்துக்கு நிதி திரட்டினர். அவ்வாறு கூடிய இல்லத்தரசியருள் கல்லூரி வாசலைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? தமக்குக் கிட்டாத கல்வி வேறொருத்திக்குக் கிட்டட்டும் என்று கொடுத்த காசு அது. எழும்பூரில் ஒரு வீட்டில், நான்கே பேருடன் தொடங்கிய அம்முயற்சிக்குப் பள்ளி ஆய்வாளர் மிஸ் லிஞ்ச் துணைநின்றார். பின்னர் அரசின் ஆதரவும் சேர, ஒருகாலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கடற்கரை ஐஸ் ஹவுஸ், கைம்பெண்களின் விடுதியாயிற்று. அபசகுனம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆசிரியைகளாக வெளிவந்தனர். ஆசிரியை இருந்தால்தான் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவோம் என்றிருந்த காலத்தில் இது சிறிய காரியமன்று.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இல்லையெனில் பெற்றோர் அனுப்பியிரார் என்பது உண்மையே. ஆனால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருந்த மற்றக் கைம்பெண்களுக்கு அந்த உண்மையால் என்ன பயன்? அதற்காக அவரைக் குறைகூற நமக்கும் தகுதியில்லை. வடக்கன்குளத்தில் நம் கோயிலுக்குள்ளேயே சாதியைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்தான்; இச்சங்கம் தோன்றுவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு.

1927-இல் சாரதா வித்யாலயம் தோன்றியது. 1956-இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தாரோடு சேர்ந்து வித்யா மந்திர் பள்ளி உருவாகவும் அவர் உழைத்தார். இவற்றினும் நாம் விரும்பி நினைப்பது வேறொன்று. ஐஸ் ஹவுஸை அடுத்து மீனவர் குப்பம் இருந்தது. வலை உலர்த்தும் மணலில் விளையாடித் திரிந்த அப்பிள்ளைகளுக்கும் அவர் ஒரு பள்ளி தொடங்கினார்.