கவர்மெண்ட் மாத்திரை "கேக்குமா"? ஒரு மாத்திரை அட்டையின் வரலாறு

1/ "டாக்டர், இங்க குடுக்குற மாத்திரை கேக்குமா? இல்ல வெளிய எழுதித் தர்றீங்களா?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பதில் வரலாற்றில் இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ சுதந்திரம் வாங்கிய பிறகும் நம்மிடம் இருந்தது 1911ல் வெள்ளைக்காரர் போட்ட காப்புரிமைச் சட்டம்தான். காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனி சொல்வதுதான் விலை. வேறு யாரும் அந்த மருந்தைத் தயாரிக்க முடியாது.

3/ இதை ஆராய மத்திய அரசு நியமித்தவர் நீதியரசர் ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1959ல் அறிக்கை கொடுத்தார். மருந்துக்கே காப்புரிமை வேண்டாம், தயாரிக்கும் முறைக்கு மட்டும் போதும் என்றார்.

4/ அதன் அடிப்படையில் வந்தது 1970 காப்புரிமைச் சட்டம். 1972ல் அமலானது. அதே மருந்தை வேறு முறையில் நம்ம கம்பெனிகள் தயாரித்தன. போட்டி வந்தது, விலை இறங்கியது. 2005ல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காகச் சட்டம் மறுபடி மாறியது. அது தனிக்கதை.

5/ சரி, மருந்து மலிவாச்சு. ஆனா அது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வரணுமே?

1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. 1995 ஜனவரியில் மருந்து விநியோகம் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், பிராண்டு பெயர் இல்லாமல் மூலப்பெயரில் கொள்முதல், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு.

6/ ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். ஒதுக்கீட்டிலிருந்து தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். எங்கே எவ்வளவு இருப்பு என்பது கம்ப்யூட்டரில் தெரியும்.

7/ இப்ப உங்க கேள்விக்கு வருவோம். கிடங்குக்கு வந்ததும் மருந்து வெளியே போகாது. மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் விநியோகம். யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்கே தெரியாது!

8/ குறையே இல்லையா? இருக்கு. சில நேரம் சில மருந்து இருப்பில் இருக்காது. அதைத் தட்டிக் கேட்பது நம் உரிமை. ஆனாலும் கேரளம், ராஜஸ்தான் எல்லாம் நம்மைப் பார்த்துத்தான் இதுபோன்ற கழகங்களைத் தொடங்கின.

9/ இதை ஏன் எழுதுறேன்? பக்கவாதம் வந்து ஒரு ஐயாவைத் தூக்கி வந்தாங்க. வீட்டு அலமாரியில் பிரிக்காத பிரஷர் மாத்திரை அட்டைகள் கிடந்ததாம். "சும்மா குடுக்குறது தானேன்னு விட்டுட்டாருங்க" என்றார் அந்த அம்மா.

10/ அது சும்மா வந்த மாத்திரை இல்லைங்க. உங்க வரிப்பணமும், ஒரு நீதிபதியின் அறிக்கையும், பல பேரின் உழைப்பும் அதுக்குள்ள இருக்கு. அட்டையைப் பிரிங்க. தினமும் போடுங்க. டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.