பள்ளி அனுப்பும் செய்தி வீட்டில் யாரிடம் சேர்கிறது?

புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் புக்கிட் பாத்தோக் உயர்நிலைப் பள்ளி, ஹில்குரோவ், சுவிஸ் காட்டேஜ், டனர்ன், புக்கிட் வியூ எனப் பல உயர்நிலைப் பள்ளிகள் உள்ளன. பிள்ளை எதில் படித்தாலும் வீட்டிற்குத் தகவல் வரும் முதல் வழி ஒன்றுதான்: பெற்றோரின் கைப்பேசியில் உள்ள ‘பேரன்ட்ஸ் கேட்வே’ செயலி.

கல்வி அமைச்சும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும் இணைந்து உருவாக்கிய இச்செயலி 2019 ஜனவரியில் அறிமுகமானது. அதற்கு முன் பள்ளிக் கடிதங்கள் பிள்ளையின் பைக்குள் மடிந்து கிடந்தே வீட்டுக்கு வந்தன. கையெழுத்திட வேண்டிய தாளைக் காலையில் கிளம்பும் அவசரத்தில் பிள்ளை நீட்டிய அனுபவம் பல வீடுகளுக்கு இருக்கும். இப்போது சிங்பாஸ் மூலம் உள்நுழைந்தால் அறிவிப்புகளைப் படிக்கலாம், சுற்றுலாவுக்கு ஒப்புதல் தரலாம், ஆசிரியரைச் சந்திக்க நேரம் பதியலாம்.

வசதி கூடியிருக்கிறது. ஆனால் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தந்தைக்கு இரவு வேலை, தாய்க்கு ஆங்கிலம் தடுமாற்றம், மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றிருக்கும் வீட்டில் நடப்பது என்ன? தாயின் கைப்பேசியை வாங்கிப் படிப்பது பிள்ளைதான். “ஒண்ணுமில்லம்மா, சும்மா ஸ்கூல் மெசேஜ்” என்று சொல்வதும் பிள்ளைதான். பள்ளிச் சுற்றுலா என்றால் பரவாயில்லை. வருகைக் குறைவு, ஒழுங்குப் பிரச்சினை, ஆலோசகருடன் சந்திப்பு போன்ற விவரங்களைச் சம்பந்தப்பட்ட மாணவரே மொழிபெயர்த்துச் சொல்வது சரிவராது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளி மடிக்கணினி நல்ல எடுத்துக்காட்டு. உயர்நிலை மாணவர்கள் அனைவரிடமும் கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்ற திட்டம் 2021ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பள்ளி நேரத்திற்குப் பிறகு அச்சாதனத்தில் எவ்வளவு கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அவர்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பொதுவான அமைப்பே தொடரும். அந்த அமைப்பில் சாதனம் இரவில் ‘உறங்கும்’ நேரம், 2026 ஜனவரியிலிருந்து 11 மணிக்குப் பதிலாக 10.30 மணி ஆனது.

அதே மாதத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. உயர்நிலை மாணவர்கள் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்பட பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. “மதியம் சாப்பிட்டியா?” என்று பிள்ளைக்கு வாட்ஸ்அப் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்த பெற்றோர் இனி அப்படிச் செய்ய முடியாது. அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்தை அழைக்க வேண்டும். அந்த எண்ணை வீட்டில் எல்லோரும், குறிப்பாகப் பாட்டி தாத்தா, கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

ஆசிரியரின் சொந்த எண்ணை எதிர்பார்ப்பதும் இப்போது முறையல்ல. பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையிலான பங்காளித்துவம் பற்றிக் கல்வி அமைச்சு 2024 செப்டம்பரில் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டி, ஆசிரியர்கள் தங்கள் கைப்பேசி எண்ணைத் தர வேண்டியதில்லை என்றும் பள்ளி நேரத்திற்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதிலளிக்க வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடம் பற்றிக் கேள்வி வந்தால் எந்த ஆசிரியருக்கும் சலிப்பு வரத்தான் செய்யும். மின்னஞ்சல், செயலி, அலுவலகத் தொலைபேசி ஆகியவையே வழி.

மதிப்பெண் வழியாகப் பிள்ளையின் நிலையை அறிந்துகொள்வதும் முன்போல் இல்லை. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகளும் இல்லை. ஒரே மாணவர் தமிழை ஜி3 நிலையிலும் கணிதத்தை ஜி2 நிலையிலும் படிக்கலாம். தாங்கள் படித்த காலத்துப் பிரிவுகளை மனத்தில் வைத்துத் தேர்ச்சி அட்டையைப் பார்க்கும் பெற்றோர் குழம்புவது இயல்பே. பாடத்திற்குப் பாடம் மாணவர்கள் வெவ்வேறு குழுக்களுக்குப் போவதால், வகுப்பாசிரியரை மட்டும் சந்தித்தால் முழுப் படமும் கிடைக்காமல் போகலாம். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் “எந்தப் பாடத்தில் எந்த நிலை, அடுத்த நிலைக்கு மாற என்ன தேவை?” என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்.

மனநலம் பற்றிய பேச்சில்தான் தமிழ்க் குடும்பங்களில் தயக்கம் அதிகம். ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார். “கவுன்சிலர் கூப்பிட்டார்” என்றதும் பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டான் என்ற எண்ணமே முதலில் வருகிறது. தூக்கமின்மை, நண்பர்களுடன் பிணக்கு, வீட்டில் ஒரு மரணம் எனப் பல காரணங்களுக்காக மாணவர்கள் தாமாகவே ஆலோசகரை நாடுகிறார்கள்.

அங்கே பேசப்படுவதை எல்லாம் பள்ளி வீட்டிற்குச் சொல்லாது. சொன்னால் மாணவர் மறுமுறை வரமாட்டார். ஆனால் பிள்ளைக்கோ மற்றவருக்கோ ஆபத்து நேரலாம் எனத் தெரிந்தால் ரகசியம் காக்கப்படாது, பெற்றோர் அழைக்கப்படுவார்கள். கூடுதல் உதவி தேவைப்பட்டால் மனநலக் கழகத்தின் ‘ரீச்’ குழுவின் ஆதரவைப் பள்ளி நாடலாம். 2007லிருந்து இயங்கும் இக்குழு பள்ளி ஆலோசகர்களுடன் சேர்ந்து செயல்படுகிறது. அதற்கான அழைப்பு வரும்போது “எங்க பிள்ளைக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்லை” என்று துண்டித்துவிட்டால் நாள்கள்தான் வீணாகும். பெற்றோருக்கே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், 2025 ஜூனில் தொடங்கப்பட்ட 1771 என்ற தேசிய மனநல எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்திற்கான வருமான வரம்பு 2025ல் உயர்ந்தது. மொத்தக் குடும்ப மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாவிட்டாலும், தலைக்கு 1,000 வெள்ளிக்கு மேற்போகாவிட்டாலும் சிங்கப்பூர்க் குடிமக்களான மாணவர்களுக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு வரம்பைச் சற்றே தாண்டியதால் விலகி நின்ற குடும்பங்கள் மீண்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விண்ணப்பம் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கும்.

மொழிதான் தடை என்றால் தமிழாசிரியரை அணுகலாம். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இருப்பதில்லை. சில மாணவர்கள் வேறு நிலையத்திற்குச் சென்று தமிழ் படிக்கிறார்கள். அத்தகைய குடும்பங்கள் 1991ல் அமைக்கப்பட்ட சிண்டாவிடம் உதவி கேட்கலாம். ஒவ்வொரு பள்ளியிலும் உள்ள பெற்றோர் ஆதரவுக் குழுவில் ஒரு தமிழ்ப் பெற்றோர் இருந்தால், மற்ற பெற்றோர் செய்தியைப் புரிந்துகொள்ள அவரையும் கேட்கலாம்.