எச்.ஐ.வி. தடுப்புக் குளிசையும் அதனை உண்ணாத பெண்களும்

நோயுற்றவர் மருந்தைத் தேடிச் செல்வர். நோயற்றவர் உட்கொள்ள வேண்டிய மருந்தோ, ஆபத்து தம்மைச் சூழ்ந்துள்ளதென்பதை அவர் முதலில் ஒப்புக்கொள்ளுமாறு வேண்டிநிற்கின்றது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் குளிசை கடந்துவந்த இருபதாண்டுகளை நோக்குமிடத்து, அதன் இடர்ப்பாடுகளுட் பல இரசாயனத்திலன்றி, அதனை உண்ண வேண்டியவரின் சமூக வாழ்விலேயே வேரூன்றியிருந்தமை புலனாகும்.

ரெனோபோவிர் என்னும் மருந்தைத் தொற்றற்ற பெண்களிடம் பரீட்சிக்கும் ஆய்வொன்று 2004 இல் கம்போடியாவிலே திட்டமிடப்பட்டது. பங்குபற்ற வேண்டியோர் 960 பாலியல் தொழிலாளர். மருந்தினால் நெடுங்காலத்தின் பின் தீங்கு நேரின் தம்மைப் பராமரிப்பவர் யார் என அத்தொழிலாளரின் அமைப்பினர் வினவினர், காப்புறுதி கோரினர். அவ்வாண்டு யூலையிற் பாங்கொக்கிலே கூடிய சர்வதேச எயிட்ஸ் மாநாட்டிலும் அவர்களின் எதிர்ப்புக் குரல் ஒலித்தது. ஓகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வைத் தடுத்தார். 2005 பெப்ரவரியிற் கமரூனிலும் இத்தகைய ஆய்வு இடைநிறுத்தப்பட்டது. இவையாவும் அறியாமையின் விளைவெனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் உடலே உழைப்புக் கருவியாகவுள்ள ஒருவர் அவ்வுடலுக்கு உத்தரவாதம் கேட்பது அறியாமையாகாது. எந்தத் தொழிற்சங்கமும் எழுப்பும் வினாவே அது.

பின்னர் பேரூ, பிரேசில் உட்பட ஆறு நாடுகளில், ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளுமாக 2,499 பேர் பங்குபற்றிய ஆய்வின் முடிவுகள் 2010 இல் வெளிவந்தன. தொற்று 44 சதவீதத்தாற் குறைந்திருந்தது. 2012 யூலையில் ஐக்கிய அமெரிக்கா இக்குளிசையை அங்கீகரித்தது.

ஆபிரிக்கப் பெண்களிடையேதான் மருந்து தோற்றதெனப்பட்டது. தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் 2009 இல் ஆரம்பித்த 'வொய்ஸ்' ஆய்விற் பங்குகொண்ட பெண்கள் 5,029 பேர். ஏறத்தாழ 90 சதவீத அளவில் மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தியதாக அவர்கள் கூறினர். 2013 இல் இரத்த மாதிரிகளின் முடிவு வெளியானபோது, அவற்றுள் மூன்றிலொன்றிற்கும் குறைவானவற்றிலேயே மருந்து காணப்பட்டது. பெண்கள் பொய்யுரைத்தனர் என்பதோடு இவ்விடயத்தை முடித்துவிடலாகாது. பின்னர் நிகழ்ந்த நேர்காணல்கள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. தொற்றுள்ளவருக்குச் சிகிச்சையாகக் கொடுக்கப்படுவதும் இதே மருந்தே. வீட்டில் அப்போத்தலைக் காணும் கணவனோ அயலாரோ என்ன முடிவுக்கு வருவர்? எயிட்ஸின் காரணம் குறித்தே ஜனாதிபதி முபெக்கி ஐயம் எழுப்பிய நாடு தென்னாபிரிக்கா. கர்ப்பிணிகளுக்கு நெவிரபின் வழங்குமாறு 2002 இல் அரசியலமைப்பு நீதிமன்றமே பணிக்க வேண்டியிருந்தது. அத்தகைய மண்ணில் இக்குளிசை வெறும் குளிசையாக இருந்திருக்க முடியாது. மறுபுறம், ஆய்வுநிலையத்திற் கிடைத்த இலவச மருத்துவ கவனிப்பை இழக்க விரும்பாதோர் உண்மையைக் கூறாதிருந்தமையில் வியப்பில்லை.

இதே காலத்திற் கென்யாவிலும் உகண்டாவிலும் ஒருவர் தொற்றுள்ளவராகவும் மற்றவர் தொற்றற்றவராகவும் இருந்த 4,758 தம்பதியரிடம் நிகழ்ந்த ஆய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. குளிசை ஒன்றே, துணைவர் அறிய அது உண்ணப்பட்டது. இரு மருந்துகள் சேர்ந்த குளிசையாற் தொற்று 75 சதவீதத்தாற் குறைந்தது. மறைக்க வேண்டாத வீட்டிலே மருந்து பலித்தது.

2016 யூனில் தென்னாபிரிக்க அரசு இக்குளிசையை முதலிற் பாலியல் தொழிலாளருக்கே வழங்கலாயிற்று. ஆபத்து மிகுந்தோருக்கு முன்னுரிமை என்பது நியாயமே. ஆயினும் குளிசையோடு தொழிலின் பழிச்சொல்லும் ஒட்டிக்கொள்ள அது வழிவகுத்தது. பின்னரே ஏனைய இளம் பெண்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

ஆண்டுக்கு இருமுறை ஏற்றப்படும் லெனகபவிர் ஊசியின் முடிவு 2024 இல் வெளியானது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் அதனைப் பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்றவில்லை. குளிசை பெற்ற பெண்களுட் பலர் இம்முறையும் அதனை ஒழுங்காக உண்ணவில்லை. ஊசி வீட்டிலே போத்தலை விட்டுச்செல்வதில்லை. 2025 யூனில் ஐக்கிய அமெரிக்கா அதனை அங்கீகரித்தபோது குறித்த விலை ஆண்டொன்றுக்கு 28,000 டொலருக்கும் அதிகம். மலிவாக உற்பத்தி செய்து விற்பதற்கு 120 நாடுகளைக் குறித்து 2024 ஒக்டோபரில் உரிமம் வழங்கப்பட்டது. அந்நிரலிற் பேரூவும் பிரேசிலும் இல்லை. 2010 இன் ஆய்விலும் லெனகபவிரின் இரண்டாம் ஆய்விலும் பங்குபற்றியோரைத் தந்த நாடுகள் அவை.